பழைய லைட்டருக்கு எத்தனை வயது? கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம் வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள். அதன் பிறகு, "இன்டர்நெட்டில் எல்லாம் இருக்கிறது என்கிறார்களே, எதைத் தேடுவது?" என்று கேட்பார்கள். என்னிடம் இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய பொருளை எடுங்கள். அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யுங்கள். ஸ்கேனர், போட்டோ எடிட்டிங், தேடல் தளம், பேட்டன்ட் தளம், பைல்களை ஒழுங்காக வைப்பது என்று ஒரு வருடப் பாடம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

எனக்கு இந்தப் பாடம் ஒரு சிகரெட் லைட்டரால் கிடைத்தது. நடுவில் ஒரு தவறும் செய்தேன். அதனால் ஒரு பெரிய மனுஷியின் மனம் நொந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்கலாம்.

ஆடி 18-க்கு வல்வில் ஓரி விழா நடக்கும் நேரத்தில் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, செம்மேட்டைத் தாண்டி அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் திண்ணையில் கூடியிருந்தார்கள். நடுவில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. மச்சான் (அத்தை மகன்) கையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று. கறுப்பாக, ஓரமெல்லாம் துருப் பிடித்து இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சக்கரம், திரி, சுற்றிலும் ஓட்டை போட்ட தகரம்.

அத்தைக்கு வயது 84. "இது அப்பா அசாம் பக்கம் ரோடு போடப் போனப்ப ஒரு அமெரிக்காக்காரரு குடுத்தது கண்ணு. சண்டை முடிஞ்சு வந்தப்ப இதையும் ஒரு கம்பளியையும்தான் கொண்டாந்தாரு" என்றார். அவர் சொன்னது லெடோ சாலை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொண்டதால், சீனாவுக்குத் தரை வழியாகப் பொருள் அனுப்ப அசாமின் லெடோவிலிருந்து 1942 டிசம்பரில் அமெரிக்கர்கள் தொடங்கிய சாலை. 1945 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்தார்கள்.

மச்சான் கதை வேறு. அவர் செல்போனில் ஒரு தளத்தைக் காட்டினார். இதே மாதிரி லைட்டருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் விலை போட்டிருந்தது. வீட்டு ஓட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டே முடித்துவிட்டார். இதற்கு முன்பே ஒரு வியாபாரி வந்து 3,000 ரூபாய் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த சந்தைக்கு வரும்போது முடிவு கேட்பதாகப் போயிருந்தாராம்.

"நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, பார்த்துச் சொல்லு" என்று என் கையில் கொடுத்தார்கள்.

முதல் வேலை: படம்

பழைய பொருளைக் கையில் வாங்கியதும் துடைக்கத் தோன்றும். வேண்டாம். பிராஸோ போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், ஆனால் முத்திரை எழுத்து மழுங்கும், மிச்சமிருக்கும் பெயின்ட்டும் போய்விடும். மெல்லிய துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைத்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருக்கும் கல் பல வருடங்கள் சும்மா கிடந்தால் உப்பி, பொடியாகி, குழாயை அடைத்திருக்கும். பலவந்தமாகச் சக்கரத்தைச் சுற்றினால் பல் தேய்ந்துவிடும்.

(இந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்கிமுக்கிக் கல் என்று நாம் நினைக்கும் இது உண்மையில் கல்லே அல்ல. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-ல் பேட்டன்ட் வாங்கிய ஓர் உலோகக் கலவை, இரும்பும் சீரியமும் சேர்ந்தது. கேஸ் விளக்கு மேன்டிலுக்காக மோனசைட் மணலில் இருந்து தோரியத்தை எடுத்த பிறகு, மீந்து போன உலோகங்களை என்ன செய்வது என்று யோசித்ததில் வந்தது. அந்த மோனசைட் நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கொட்டிக் கிடக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். லைட்டர் கல்லின் பூர்வீகத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது படம் எடுப்போம். செல்போன் கேமராவே போதும். பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில், வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுங்கள். ஆறு பக்கமும் ஒவ்வொரு படம், மூடி திறந்து ஒரு படம், உள்பாகத்தை வெளியே இழுத்து அதற்குத் தனிப் படம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துவிட்டால் அளவும் பதிவாகிவிடும். பிளாஷ் போடாதீர்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளமாகப் பதித்த எழுத்து தெரியவே தெரியாது.

போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, போன் திரையில் பைல்களை மாற்ற அனுமதி கொடுங்கள். கம்ப்யூட்டரில் "திஸ் பி.சி." திறந்தால் போனின் பெயர் தெரியும். அதற்குள் டி.சி.ஐ.எம். என்ற போல்டரில் படங்கள் இருக்கும். அவற்றைக் காப்பி செய்து, டாக்குமென்ட்ஸ் போல்டரில் "லைட்டர்" என்று ஒரு போல்டர் உருவாக்கி, அதில் "ஒரிஜினல்" என்று இன்னொரு போல்டர் போட்டு பேஸ்ட் செய்திடுங்கள். ஒரிஜினலை எந்தக் காரணம் கொண்டும் எடிட் செய்யக் கூடாது. வெட்டுவது, திருத்துவது எல்லாம் அதன் நகலில்தான். பைல் பெயரைக் கேமரா கொடுத்த நம்பராகவே விடாமல், "அடிப்பக்கம்-1", "உள்பாகம்-இடது" என்று மாற்றிவிடுங்கள். பத்து நாள் கழித்து எது எது என்று தேடும்போது இதன் அருமை தெரியும்.

என் தவறு

உள்பாகத்தை இழுத்து எடுத்தபோது அதன் தகரத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஜிப்போ கம்பெனி, பிராட்ஃபோர்ட், பி.ஏ., கூடவே பேட்டன்ட் எண் 2517191. பி.ஏ. என்றால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். அத்தை வீட்டுக் கூரைக்கு அடியில் சிக்னல் கிடைக்காது. செம்மேட்டுக்கு வந்து, லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தேட ஆரம்பித்தேன்.

பேட்டன்ட் எண் என்பது பழைய பொருள் ஆராய்ச்சியில் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு. ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு கொடுக்கும் உரிமை எண் அது. அமெரிக்காவில் எண்கள் வரிசையாகக் கொடுக்கப்படுவதால், எண் தெரிந்தால் தேதி தெரிந்த மாதிரி. தேடுவதற்குப் பணம் எதுவும் இல்லை. பிரவுசரைத் திறந்து "பேட்டன்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்" என்ற முகவரியை ஆங்கிலத்தில் தட்டுங்கள். கிடைக்கும் கட்டத்தில் யு, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், அவற்றை ஒட்டி இடைவெளி இல்லாமல் எண். என்டர் தட்டினால் பேட்டன்ட் பக்கமே வந்து நிற்கும். வரைபடம், விளக்கம், விண்ணப்பித்த தேதி, வழங்கிய தேதி எல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பிய நாடுகளின் பேட்டன்ட் என்றால், ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகம் நடத்தும் "எஸ்பேஸ்நெட்" தளத்தில் பாருங்கள். அதுவும் இலவசம்தான்.

2517191 வழங்கப்பட்ட நாள் 1 ஆகஸ்ட் 1950.

போர் முடிந்தது 1945. ஐந்து வருடம் கழித்து வந்த எண்ணைச் சுமந்துகொண்டு ஒரு லைட்டர் 1945-ல் தாத்தா பைக்குள் இருக்க முடியாது. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அங்கிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தே, இது 1950-க்கு அப்புறம் செஞ்சது. சண்டையில கிடைச்சதா இருக்காது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப எங்கப்பா பொய் சொன்னாருங்கறியா கண்ணு?" என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது கூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எண்பது வருடமாக அவர் மனதில் இருந்த ஒரே அப்பா கதையை, ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நான் உடைத்திருந்தேன். ஆமாம், ஒரு பக்கத்தை மட்டும்தான். லைட்டரில் இரண்டு பாகம் இருக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்த்தேன். வெளிக் கூட்டின் அடிப்பக்கத்தைத் துரு மூடியிருந்ததால் பார்க்கவில்லை. ஜிப்போவின் உள்பாகம் தனியாகக் கழன்று வரும். அதே அளவுள்ள வேறு கூட்டில் மாட்டினாலும் பொருந்தும். ஒரு பாகத்தின் வயதை மொத்தப் பொருளின் வயது என்று சொன்னது என் அவசரம்.

துருவுக்குள் இருக்கும் எழுத்தைப் படிப்பது

மறுநாள் லைட்டரை வாங்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு இறங்கினேன். அங்கே நண்பர் வீட்டில் ஸ்கேனர் இருந்தது. அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் ஸ்கேனர் கண்ணாடி மேல் அப்படியே உட்காரும். கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க நடுவில் ஒரு ஓ.எச்.பி. ஷீட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் மென்பொருளில் முதலில் "பிரிவ்யூ" கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் படத்தில் லைட்டர் இருக்கும் சின்ன இடத்தை மட்டும் மவுஸால் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுங்கள். ரெசல்யூஷன் 1200 டி.பி.ஐ. என்று வையுங்கள். சிறிய இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் ஏ4 முழுவதையும் 1200-ல் கலராக ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? அகலத்தில் சுமார் 9,900 புள்ளி, உயரத்தில் சுமார் 14,000 புள்ளி. மொத்தம் கிட்டத்தட்ட 14 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் 400 எம்.பி.க்கு மேல் போய்விடும். பழைய கம்ப்யூட்டர் என்றால் மூச்சு முட்டி நின்றுவிடும். லைட்டரின் அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் நீளம், அரை அங்குலம் அகலம்தான். 1,800-க்கு 600 புள்ளி, அவ்வளவே.

ஒரு முறை ஸ்கேன் செய்து நிறுத்திவிடாதீர்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளிச்சம் போடும். அதனால் லைட்டரைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும், இன்னும் கால் வட்டம் திருப்பி மறுபடியும் என்று நான்கு முறை ஸ்கேன் செய்திடுங்கள். ஒரு திசையில் மறைந்திருக்கும் கோடு இன்னொரு திசையில் நிழல் விழுந்து எழும்பும். ஸ்கேனர் இல்லாதவர்கள் இருட்டறையில் லைட்டரை மேசை மேல் வைத்து, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து வெளிச்சம் அடித்து, செல்போனில் மேலிருந்து படம் எடுக்கலாம். கோயில் கல்வெட்டுப் படிப்பவர்களும் மங்கிய எழுத்துக்கு இப்படித்தான் பக்கவாட்டு வெளிச்சம் காட்டுவார்கள்.

படத்தை எடிட் செய்ய "இர்ஃபான்வியூ" என்ற சிறிய மென்பொருளைப் பயன்படுத்தினேன். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்திடுங்கள். வேறு தளங்களில் கூடவே வேண்டாத புரோகிராம்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். படத்தைத் திறந்து, "இமேஜ்" மெனுவில் முதலில் கிரேஸ்கேல், அதாவது கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். துருவின் சிவப்பு நிறம் கண்ணை ஏமாற்றுவது இதில் போய்விடும். அடுத்து அதே மெனுவில் "கலர் கரெக்ஷன்ஸ்" விண்டோவைத் திறந்து கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிறகு "நெகட்டிவ்" கிளிக் செய்து பாருங்கள். கறுப்பு வெள்ளையாகவும், வெள்ளை கறுப்பாகவும் மாறும். எனக்கு எழுத்து தெரிந்தது இந்த நெகட்டிவில்தான்.

தெரிந்த எண்ணைப் பேட்டன்ட் தளத்தில் போட்டேன். லைட்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று வந்து நின்றது. ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருந்தேன். மூன்றை எட்டு என்று நினைத்துவிட்டேன். இதில் ஒரு சௌகரியத்தைக் கவனியுங்கள். எண்ணைத் தவறாகப் படித்தால் வேறு கண்டுபிடிப்பு வந்து, தவறைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், வரைபடம் உங்கள் கையில் இருப்பதைப் போல இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நான்கு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். 2032695. இந்த முறை வரைபடத்தில் என் லைட்டர் இருந்தது. வழங்கிய நாள் 3 மார்ச் 1936.

எண் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

"அப்படியானால் 1936-ல் செய்தது" என்று நினைத்தால் அதுவும் தப்பு. பேட்டன்ட் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொருள் அதற்கு முன்னால் செய்யப்படவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் கழித்து வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பேட்டன்ட் வழங்கிய நாளில் இருந்து 17 வருடம் செல்லும். 1936-ல் வந்தது 1953-ல் முடியும். ஜிப்போ அடிப்பக்கத்தில் 2032695 என்ற எண்ணை 1930-களின் பிற்பகுதியில் இருந்து 1950-களின் ஆரம்பம் வரை பதித்தார்கள். அதன் பிறகுதான் 2517191 வந்தது. என் லைட்டரின் கூடு இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில் ஏதோ ஒரு வருடத்தில் பிறந்தது. பதினைந்து வருட இடைவெளியைச் சுருக்க வேண்டும். இனி தேவைப்பட்டது கம்ப்யூட்டர் அல்ல, ஒரு காந்தம்.

பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மையை எடுத்துக் கூட்டின் மேல் வைத்தேன். பட்டென்று ஒட்டியது. சாதாரண ஜிப்போ பித்தளையில் செய்து மேலே குரோமியம் பூசியது. காந்தம் ஒட்டாது. போர்க் காலத்தில் பித்தளை தோட்டாவுக்குப் போய்விட்டதால், கம்பெனி எஃகில் செய்து, துருப் பிடிக்காமல் இருக்கக் கறுப்பாகச் சொரசொரப்பான பெயின்ட் அடித்தது. அந்தச் சமயத்தில் தயாரான லைட்டர்கள் அமெரிக்க ராணுவத்துக்கே போயின. தாத்தாவின் லைட்டரில் மூடி மடிப்புக்குள் அந்தக் கறுப்பு பெயின்ட் இன்னும் மிச்சம் இருந்தது.

சந்தோஷப்படுவதற்கு முன் இன்னொரு தடை. 1950-ல் தொடங்கிய கொரியப் போர்க் காலத்திலும் பித்தளைத் தட்டுப்பாடு வந்து, சில வருடங்கள் மறுபடி எஃகில் செய்தார்கள். எஃகு என்பதால் மட்டும் 1940-கள் என்று சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் சேகரிப்பாளர்கள் மூடியின் கீலை எண்ணுவார்கள். கீல் என்பது வரிசையாகக் கோத்த சிறு குழாய்கள். போரின் ஆரம்பம் வரை நான்கு குழாய், 1943 வாக்கில் இருந்து மூன்று, 1950-களின் ஆரம்பத்தில் இருந்து ஐந்து. அதாவது கொரியக் காலத்து எஃகு லைட்டருக்கு ஐந்து. ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். மூன்று. நண்பரையும் அழைத்து, நான் எண்ணியதைச் சொல்லாமல் அவரையும் எண்ணச் சொன்னேன். அவருக்கும் மூன்றுதான்.

எஃகு, மூன்று குழாய், 2032695. மூன்றும் சேர்ந்து பொருந்தும் காலம் 1943 முதல் 1945 வரை.

உள்பாகம் மட்டும் ஏன் 1950-க்குப் பிறகு? மலை ஏறி வந்ததும் அத்தையிடம் கேட்டேன். இந்த முறை என் முடிவைச் சொல்லவில்லை. "அத்தே, தாத்தா இதை எப்பவாச்சும் ரிப்பேர் பண்ணினாரா?" என்று மட்டும் கேட்டேன். நாம் பதிலைச் சொல்லிவிட்டுக் கேட்டால், வயதானவர்கள் நமக்காகத் தலையாட்டிவிடுவார்கள்.

அத்தை மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "ஆமா, உள்ளாற இருக்கற குடல சேலத்துல மாத்திட்டு வந்தாரு. உங்கப்பன் பள்ளிக்கொடம் போற வயசு அப்ப. பத்த வெச்சுக் காட்டுனாரே எல்லாருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எண்ணை, காந்தத்தை, கீலை எல்லாம் விளக்கினேன். அவருக்கு விளங்கியது எவ்வளவு என்று தெரியாது. "அப்ப அது சண்டைக் காலத்துதானே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அமெரிக்கர் கையால் கொடுத்தாரா என்பதை மட்டும் எந்தத் தளமும் சொல்லாது. போர் முடிந்த பிறகு அமெரிக்க ராணுவத்தின் மிச்சப் பொருட்கள் கல்கத்தாவில் விற்பனைக்கு வந்தன. அங்கே காசு கொடுத்தும் வாங்கியிருக்கலாம். இதையும் அத்தையிடம் சொன்னேன். "எங்கப்பாகிட்ட ஏது காசு?" என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் லைட்டர் வேறாக இருந்தால்

எல்லோர் வீட்டிலும் ஜிப்போ இருக்காது. எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருந்து தொடங்குங்கள். ரான்சன் என்று இருந்தால் அதன் அடியில் பெரும்பாலும் ஆர்.ஈ. 19023 என்ற எண் இருக்கும். ஆர்.ஈ. என்றால் திருத்தி மறுபடி வழங்கிய பேட்டன்ட். 1933 டிசம்பரில் வந்தது. கூகுள் பேட்டன்ட்ஸில் யு, எஸ் எழுத்துகளை அடுத்து ஆர், ஈ சேர்த்துத் தட்ட வேண்டும். இம்கோ என்று இருந்தால் ஆஸ்திரியாவின் வியன்னா கம்பெனி. அவர்களுடைய டிரிப்ளெக்ஸ் 1937-ல் வந்து பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட மாறாமலே விற்றதால், வருடத்தைப் பிடிப்பது கஷ்டம். கம்பெனி 2012-ல் லைட்டர் செய்வதை நிறுத்தியது.

பெயரே இல்லாவிட்டாலும் நாட்டின் பெயர் உதவும். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது 1945-க்கும் 1952-க்கும் நடுவில். "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949-க்குப் பின், 1990-க்கு முன். நூல் திரி இல்லாமல் கேஸ் நிரப்பும் வால்வு இருந்தால் 1940-களின் கடைசிக்கு முன்னால் இருக்காது. புதிய ஜிப்போ வைத்திருப்பவர்களுக்கு வேலையே இல்லை. 1950-களின் பிற்பகுதியில் இருந்து அடிப்பக்கத்தில் புள்ளிகளாலும் கோடுகளாலும் வருடத்தைக் குறித்தார்கள். 1986 நடுவில் இருந்து மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, வருடத்துக்கு ரோமன் எண். 2001-ல் இருந்து நேராகவே இரண்டு இலக்க வருடம். கம்பெனியின் தளத்திலேயே அட்டவணை இருக்கிறது.

எழுத்தே இல்லையென்றால் படத்தை வைத்துத் தேடலாம். குரோம் பிரவுசரில் கூகுள் தளத்தின் தேடல் கட்டத்துக்குப் பக்கத்தில் கேமரா படம் இருக்கும். அதைக் கிளிக் செய்து உங்கள் படத்தை இழுத்துப் போட்டால் கூகுள் லென்ஸ் அதே மாதிரிப் படங்களைக் காட்டும். "அதே மாதிரி" என்பதைக் கவனியுங்கள். லென்ஸ் என் லைட்டருக்குக் காட்டியதில் பாதி சமீபத்தில் செய்த நகல்கள். பெயரைத் தெரிந்துகொள்ள மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், வயதை அதனிடம் கேட்காதீர்கள்.

வார்த்தைகளால் தேடும்போது, சேர்ந்து வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். விற்பனைப் பக்கங்களே வந்து குவிந்தால், வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு மைனஸ் குறி போட்டால் அவை விலகும். அந்தக் காலத்து விளம்பரத்தைப் பார்க்க ஆசை இருந்தால், கூகுள் புக்ஸில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை இதழ்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1940-களின் இதழ்களைப் புரட்ட ஆரம்பித்து நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

விலை

மச்சான் காட்டிய ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். ஒரு தளத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. வாங்கியவர் கொடுத்த விலைதான் விலை. இ-பே தளத்தில் இதைப் பார்க்க வழி இருக்கிறது. (இந்தியாவுக்கான இ-பே தளத்தை 2018-ல் மூடிவிட்டார்கள். அமெரிக்க இ-பே தளத்துக்குப் போங்கள்.) பொருளின் பெயரைக் கொடுத்துத் தேடிய பிறகு, பக்கவாட்டில் உள்ள பில்டர்களில் "சோல்டு ஐட்டம்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விற்று முடிந்தவை மட்டும் விலையோடு வரும். பெயின்ட் முழுசாக, உள்பாகமும் அதே காலத்தில் இருக்கும் லைட்டர்கள்தான் மேலே நின்றன. பெயின்ட் போனது, குடல் மாற்றியது எல்லாம் கீழே சில ஆயிரம் ரூபாயில் கிடந்தன. வியாபாரி சொன்ன 3,000 கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஏமாற்று இல்லை. மச்சானிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது முகம் வாடியது. ஓடு மாற்றும் செலவு அப்படியே நிற்கிறதே.

பழைய லைட்டரில் படைப்பிரிவு பெயர், வருடம், வாசகம் எல்லாம் பொறித்து விலையை ஏற்றுவது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. வியட்நாம் போர்க் காலத்து ஜிப்போக்களில் போலிகள் மிக அதிகம். வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருங்கள். விமானத்தில் போகும்போது கையில் எடுத்துப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். நம் நாட்டு விமானங்களில் லைட்டரை அனுமதிப்பதில்லை. இன்னொன்று. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. சிவகாசி, கோவில்பட்டி பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்றுவதற்காக வந்தது அது. பழைய பொருள் சேகரிப்பவர்கள் அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

எழுதி வையுங்கள்

தேடும்போதே ஒரு எக்செல் ஷீட் திறந்து மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நீங்கள் கண்ணால் பார்த்தது, இரண்டாவதில் எங்கோ படித்தது, மூன்றாவதில் யாரோ சொன்னது. மூன்றையும் கலக்கக் கூடாது. எண் 2032695 என்பது பார்த்தது. எஃகு லைட்டர் ராணுவத்துக்குப் போனது என்பது படித்தது. அமெரிக்கர் கொடுத்தார் என்பது சொன்னது. தமிழில் தட்டத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ் கீபோர்டு கிடைத்துவிடும்.

மூன்றாவது பத்தியில் அத்தை பேசியதை அவர் பேச்சு வழக்கிலேயே எழுதி வைத்தேன். செல்போனில் ரெக்கார்டு செய்த ஒலி பைலையும் அதே போல்டரில் போட்டேன். முழுப் போல்டரையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை மச்சானிடம் கொடுத்தேன்.

அடுத்த சந்தைக்கு வியாபாரி வந்தபோது அத்தையே திண்ணைக்கு வந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். போன வாரம் போன் செய்தபோது, டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய போட்டோவும் இருக்கிறது, ஓரம் கரையான் அரித்திருக்கிறது, அதையும் அந்த மிஷினில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். 1200 டி.பி.ஐ. போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.